வீட்டில் இரத்த அழுத்தம் பார்ப்போர் கவனத்திற்கு



 

சில மாதங்களாக உங்கள் கடிதங்களிலும் தொலைபேசி அழைப்புகளிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு ஒரு பி.பி. மிஷின் வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். ஒயர் இல்லாமல் செல்போனுக்குத் தானாகவே எண்ணை அனுப்பும் மிஷின் நல்லதா? எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்கிறீர்கள். நம் டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் கலந்து பேசி இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். அதற்கு முன் ஒரு சகோதரியின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

டீச்சர் அம்மாவின் அனுபவம்

அவர்கள் அனுமதி பெற்றே இதை எழுதுகிறோம். பெயரை மட்டும் விட்டுவிடுகிறோம். பல வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஊரார் எல்லாருக்கும் டீச்சர் அம்மா. கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு செங்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார்கள். ஒரே மகன் வளைகுடா நாட்டில் வேலை. பிரஷர் இருப்பது தெரிந்து நம் மருத்துவமனையில் மாத்திரை ஆரம்பித்தபோது, மகன் ஒயர் இல்லாத மிஷின் ஒன்று வாங்கி அனுப்பினார். அம்மா கையில் பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினால், எண் மகனுடைய செல்போனுக்கே போய்விடும்.

மாத்திரை ஆரம்பித்த ஒரு மாதத்தில் மேல் எண் 128-க்கு வந்தது. அம்மா சந்தோஷப்பட்டு, "சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். சில வாரங்களில் எண் 150 ஆயிற்று. பிறகு 170-ஐத் தாண்டியது. ஒவ்வொன்றும் தவறாமல் மகனுடைய செல்போனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. மகன் பார்த்துக்கொள்கிறான் என்று அம்மா இருந்தார்கள். அம்மா டாக்டரிடம் காட்டிக்கொண்டிருப்பார்கள் என்று மகன் இருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் வலது கை எழும்பவில்லை. வாய் கோணிவிட்டது. பால் ஊற்ற வந்த பெண்தான் பார்த்து, ஆட்களைக் கூப்பிட்டாள்.

தேவகிருபையால் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஜெபிக்கச் சென்றபோது அவர்கள் எங்களிடம் சொன்னது: "ஐயா, மிஷின்ல நூத்தி இருபத்தெட்டுன்னு நல்லாத்தானே காட்டுச்சு. அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு விட்டுட்டேன்."

அந்த 128 மாத்திரை செய்த வேலை. இதை யாரும் அவர்களுக்கு விளங்கும்படி சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. மாத்திரை வாங்க அவர்கள் வராமல் போனதையும் நாங்கள் கவனிக்கவில்லை. இந்தக் குறையை மறைக்காமல் உங்களிடம் ஒத்துக்கொள்கிறோம்.

சத்தமில்லாத நோய்

உயர் இரத்த அழுத்தத்தில் பெரும்பாலானவர்களுக்கு எந்த வலியும் இருப்பதில்லை. தலை சுற்றினால்தான் பிரஷர், இல்லாவிட்டால் இல்லை என்று நினைப்பது தவறு. தெரியாமலே வருஷக்கணக்காக இருந்து இருதயத்தையும், மூளையின் இரத்தக்குழாய்களையும், சிறுநீரகங்களையும், கண்களையும் கெடுக்கும். 2020-ல் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட அரசு கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 34 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அப்படி இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது.

இதற்காகவே தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தை 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையும் கொடுக்கிறார்கள். 2024-ல் இத்திட்டத்திற்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. உங்கள் கிராமத்திற்கு அவர்கள் வந்தால் தயங்காமல் கையை நீட்டுங்கள். மிஷின் வாங்க வசதியில்லாதவர்களுக்கு இது ஒரு பெரிய உதவி.

மிஷின் எப்படி அளக்கிறது?

இரத்தம் ஓடும்போது குழாயின் சுவரைத் தள்ளுகிற விசையே இரத்த அழுத்தம். இதை முதன்முதலில் அளந்து எழுதியவர் ஒரு குருவானவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் திருச்சபைப் பணியில் இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு குதிரையின் இரத்தக்குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. இதை 1733-ல் புத்தகமாக வெளியிட்டார். 1896-ல் இத்தாலி நாட்டு டாக்டர் ரிவா ரோச்சி, கையில் காற்றுப் பட்டையைக் கட்டிப் பாதரசத்தால் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1905-ல் ரஷ்ய நாட்டு டாக்டர் கொரோட்கோவ், ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சத்தம் கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அறியும் முறையைக் கண்டார். நம்மில் முதியவர்கள் பார்த்துப் பழகிய பாதரசக் கருவி இதுதான். பாதரசம் விஷம் என்பதால், 2013-ல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு அது உலகெங்கும் மருத்துவமனைகளை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தியாவும் 2018-ல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது.

வீட்டில் நாம் வாங்கும் பேட்டரி மிஷின் சத்தம் கேட்பதில்லை. பட்டையிலுள்ள காற்று இறங்கும்போது, நாடித் துடிப்பினால் அதில் உண்டாகும் சிறு அதிர்வுகளை உணர்ந்து, ஒரு கணக்குப் போட்டு இரண்டு எண்களையும் சொல்லுகிறது. அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆகவே மிஷின் சரியாகச் சொல்லுகிறதா என்று பலரிடம் சோதித்திருக்க வேண்டும். கையை ஆட்டினாலும், பேசினாலும் அதிர்வுக் கணக்கு தவறிவிடும். நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கும் இருதய நோயாளிகளுக்கும் எண் முன்பின்னாக வரலாம். அவர்கள் டாக்டரிடம் கேட்டே வாங்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, மேல் கையில் கட்டும் மிஷினையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது, கை இருக்கும் உயரத்தைப் பொறுத்து எண்ணை மாற்றிவிடும். பட்டையே இல்லாமல் அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களை நோயைக் கண்டுபிடிக்கவோ மருந்தை முடிவு செய்யவோ பயன்படுத்த வேண்டாம் என்று 2022-ல் ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் அறிவித்தது. செல்போன் கேமராவில் விரலை வைத்தால் போதும் என்பதை நம்பவே வேண்டாம்.

இரண்டாவது, சோதிக்கப்பட்ட மாடலா என்று பாருங்கள். உலக அளவில் ஒத்துக்கொள்ளப்பட்ட சோதனையில் குறைந்தது 85 பேரிடம் அளந்து பார்க்க வேண்டும். அப்படித் தேறியவற்றின் பட்டியலை ஸ்ட்ரைட் பி.பி. என்ற அமைப்பு இலவசமாக வெளியிடுகிறது. உங்கள் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கம்பெனி பெயர் மட்டும் போதாது, மாடல் எண்ணும் பட்டியலில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பட்டையின் அளவு. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தையல்காரர் வைத்திருக்கும் டேப்பினால், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பட்டையில் 22 முதல் 32 செ.மீ., 22 முதல் 42 செ.மீ. என்று அச்சடித்திருக்கும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால், இல்லாத பிரஷரைக் காட்டும். அமெரிக்காவில் 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் ஏறக்குறைய 20 கூடுதலாக வந்தது. மெலிந்த கைக்குப் பெரிய பட்டை கட்டினால், இருக்கிற பிரஷர் குறைவாகத் தெரியும்.

நான்காவது, "ஒயர் இல்லாதது" என்று கடையில் சொல்வதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பட்டையும் மிஷினும் ரப்பர் குழாய் இல்லாமல் ஒன்றாகவே இருப்பது ஒரு வகை. குழாய் இருந்தாலும் புளூடூத் மூலம் செல்போனுக்கு எண்ணை அனுப்புவது இன்னொரு வகை. எதுவானாலும், செல்போன் இல்லாமலே பெரிய எழுத்தில் எண்ணைக் காட்டுவதாகவும், பழைய எண்களைத் தானே ஞாபகத்தில் வைப்பதாகவும் இருக்கட்டும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் இன்னும் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. செல்போனை மாற்றும்போது பழைய கணக்கு காணாமற்போவதும் உண்டு. கணவன் மனைவி இருவரும் பயன்படுத்தினால், இருவர் கணக்கும் கலந்துபோகாதபடி தனித்தனியே பதிவு செய்யும் வசதியும் வேண்டும்.

கர்ப்பிணிப் பெண்களுக்கு என்று வாங்கினால், கர்ப்பிணிகளிடமே சோதிக்கப்பட்ட மாடல்தான் வேண்டும்.

அளக்கும் முறை

நல்ல மிஷினும் தவறாக உபயோகித்தால் பொய் சொல்லும். ஆகையால் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

1. காபி, டீ, பீடி, சிகரெட், புகையிலை, வேகமான நடை இவற்றிற்குப் பின் அரை மணி நேரம் கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள்.

2. முதுகு சாய்ந்திருக்கும்படி நாற்காலியில் உட்காருங்கள். தரையில் சம்மணம் போட்டும், கால்மேல் கால் போட்டும் வேண்டாம். பாதங்கள் இரண்டும் தரையில் இருக்கட்டும். ஐந்து நிமிஷம் பேசாமல் இருங்கள். அந்த நேரத்தை ஜெபத்திற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. டி.வி. மட்டும் வேண்டாம்.

3. பட்டையைச் சட்டைக்கு மேலோ ரவிக்கைக் கைக்கு மேலோ கட்டாமல், வெறும் கையில் கட்டுங்கள். கையை மேஜைமேல், இருதயத்தின் உயரத்தில் வையுங்கள். 2024-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, கையை மடியில் வைத்தால் மேல் எண் ஏறக்குறைய 4-ம், தொங்கவிட்டால் 6-க்கு மேலும் கூடுகிறது.

4. முதல் தடவை இரண்டு கைகளிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலாக வருகிறதோ, அந்தக் கையிலேயே எப்போதும் பாருங்கள்.

5. காலையில் மாத்திரைக்கும் பலகாரத்திற்கும் முன்பு இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிஷம் விடுங்கள். இப்படி ஏழு நாள் பார்த்து நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு, மற்றவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். டாக்டர் கேட்பது இதைத்தான்.

பயந்துகொண்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பயமே எண்ணைக் கூட்டும். கூடிய எண் பயத்தைக் கூட்டும். டாக்டர் சொன்ன நாட்களில் மட்டும் பார்த்துவிட்டு, மிஷினைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வருஷம் ஒரு முறை அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, எங்கள் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணுக்கு என்ன செய்வது?

மருத்துவமனையில் 140/90-க்கு மேல் உயர் அழுத்தம் என்கிறோம். வீட்டில் மனம் அமைதியாக இருப்பதால் எண் சற்றுக் குறைவாகவே வரும். ஆகவே வீட்டுச் சராசரி 135/85-ஐத் தாண்டினாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். வெள்ளைக் கோட்டைக் கண்டவுடன் பிரஷர் ஏறுகிறவர்களும், மருத்துவமனையில் சரியாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் உண்டு. இருவரையும் வீட்டுக் கணக்குத்தான் காட்டிக்கொடுக்கும்.

எண் 180/120-க்கு மேல் வந்தால், சில நிமிஷம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் உடலில் வேறு கோளாறு தெரியாவிட்டாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் பலமிழத்தல், பேச்சுக் குளறல், பார்வை மங்குதல் இவற்றில் ஒன்று வந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலும், எண் மிகக் குறைந்தாலும் தெரியப்படுத்துங்கள்.

எண் நன்றாக இருந்தால்? மாத்திரையைத் தொடருங்கள். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறைப்பதும், தினமும் நடப்பதும் மாத்திரையோடு சேர்ந்து உதவும்.

ஒயர் இல்லாததால் என்ன லாபம்?

இங்கிலாந்தில் 1,182 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. முதல் பிரிவினருக்கு வழக்கம்போல ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்து மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் பிரிவினர் வீட்டில் அளந்து, கையால் எழுதி டாக்டருக்கு அனுப்பினார்கள். மூன்றாம் பிரிவினர் வீட்டில் அளந்து செல்போன் மூலம் அனுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்து மேல் எண்ணின் சராசரி முதல் பிரிவில் 140.4, இரண்டாவதில் 137.0, மூன்றாவதில் 136.0.

இதைக் கவனியுங்கள். வீட்டில் அளந்ததால் பலன் உண்டு. காகிதத்தில் எழுதியதற்கும் செல்போனில் அனுப்பியதற்கும் வித்தியாசம் 1 மட்டுமே. இரண்டு பிரிவிலும் ஒரு டாக்டர் அந்த எண்களை வாசித்து மருந்தைச் சரிசெய்தார். பலன் அங்கிருந்தே வந்தது. டீச்சர் அம்மாவின் மிஷின் எல்லா எண்ணையும் சரியாகவே அனுப்பியது. வாசித்துச் செயல்பட ஆள்தான் இல்லாமல் போயிற்று.

ஒயர் இல்லாத மிஷினை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண் தெரியாதவர்களுக்கும், எழுத முடியாதவர்களுக்கும் அது உதவி. பௌர்ணமி கிரிவலத்தன்றும் கார்த்திகை தீபத்தன்றும் எங்கள் ஊருக்குள் பஸ் வர இயலாது; வெளியூர் நோயாளிகள் அந்த நாட்களில் வராமல் எண்ணை மட்டும் தெரிவிக்கலாம். ஆனால் வாங்கும் நாளிலேயே ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த எண்ணை வாரம் ஒரு முறை வாசிக்கப்போவது யார், கூடினால் டாக்டரிடம் சொல்லப்போவது யார்? பதில் இருக்குமானால் சாதாரண மிஷினும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். பதில் இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பிரயோஜனமில்லை.

நம் மருத்துவமனையில்

டீச்சர் அம்மாவுக்குப் பிறகு நாங்களும் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். பிரஷர் மாத்திரை வாங்குவோருக்கென்று ஒரு ரிஜிஸ்தர் வைத்திருக்கிறோம். குறித்த நாளில் வராதவர்களுக்கு நர்சு ஒருவர் போன் செய்கிறார். உங்கள் காணிக்கையால் வாங்கிய சாதாரண மிஷின்களை, ஏழை நோயாளிகளுக்கு ஒரு வாரத்திற்கு இரவலாகக் கொடுத்து, நோட்டோடு திரும்பப் பெறுகிறோம். ஒரு மிஷின் இப்படிப் பல வீடுகளுக்குப் போய்வருகிறது.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் நல்ல சமாரியனைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவன் காயம் கட்டினதையும், பணம் கொடுத்ததையும் பேசுகிறோம். திரும்பி வருவதாகச் சத்திரக்காரனிடம் சொல்லிவிட்டுப் போனதை நாம் அதிகம் பேசுவதில்லை. இந்த நோய்க்கு வேண்டியது அதுவே. அம்மாவுக்கு மிஷின் வாங்கி அனுப்பியது அன்புதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போன் செய்யும்போது, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பதோடு, "இந்த வாரம் எண் எவ்வளவு? மாத்திரை இருக்கா?" என்றும் கேளுங்கள். தூரத்தில் பிள்ளைகளுள்ள முதியோருக்காக, ஒவ்வொரு சபையிலும் ஒரு வாலிபனோ வாலிபப் பெண்ணோ அந்த நோட்டைப் பார்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம். இதற்குச் செலவில்லை.

டீச்சர் அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார்கள். வலது கை இன்னும் முழுவதும் வசப்படவில்லை. ஆகையால் இடது கையால் எண்ணை எழுதப் பழகியிருக்கிறார்கள். எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அந்த நோட்டை நம் டாக்டரிடம் கொண்டுவருகிறார்கள். மகனும் ஞாயிறுதோறும் போனில் கேட்டு, தன் பங்குக்கு எழுதிவைக்கிறார்.

ஜெபக் குறிப்புகள்

டீச்சர் அம்மாவின் வலது கைக்குப் பெலன் கிடைக்க ஜெபியுங்கள்.

மாத்திரையை நிறுத்திவிட்டு வராமல் இருக்கிறவர்கள் திரும்பி வரவும், அவர்களைத் தேடும் நர்சுகள் சோர்ந்துபோகாமலிருக்கவும் ஜெபியுங்கள்.

இரவல் மிஷின்களுக்கு இன்னும் சில பெரிய பட்டைகள் தேவைப்படுகின்றன. கர்த்தர் ஏவுகிறபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனைப் போதகரும் ஊழியர்களும்
திருவண்ணாமலை